பதினான்கு துண்டு

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரே நாளில் பதினான்கு துண்டு வாங்கிய ஆள் துரைக்கண்ணுவாகத்தான் இருக்கும். அறுபத்து நாலாம் வருஷம் மாசி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு அது. கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. ஜவுளிக்கடைக்காரர் கேட்டதற்கு, "வேல இருக்குது" என்று மட்டும் சொன்னான்.

துரைக்கண்ணு சைக்கிளில் கருவாடு விற்கிறவன். செஞ்சியில் சக்கராபுரம் பக்கம் குடியிருப்பு. மாதத்தில் இரண்டு மூன்று முறை மரக்காணம் போவான். அங்கிருந்து கடலோரக் குப்பங்கள் வழியாகப் புதுச்சேரியை ஒட்டின கோட்டக்குப்பம் வரைக்கும் மிதித்து, திரும்பவும் மரக்காணம். காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிடும். உப்புக்காற்றில் அவன் சைக்கிள் செயின் துருப்பிடித்துக் கத்தும். மண்ணெண்ணெய் விட்டு விட்டு ஓட்டுவான்.

அந்தச் சுற்றில் ஒரு வழக்கம் உண்டு. போகும்போது கரையோர மணல் பாதை, வரும்போது மேற்கே தள்ளி இருக்கிற ரோடு. மணலில் சுமை ஏற்றின சைக்கிள் நகராது. அதனால் போகிற போக்கில் கருவாட்டுக் குவியலைப் பார்த்து, பிடித்திருந்தால் அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். மூலையில் போட்டிருக்கும் முடிச்சைப் பார்த்தால் யார் துண்டு என்று தெரிந்துவிடும். துண்டு விழுந்த குவியலை வேறு வியாபாரி விலை கேட்க மாட்டான், விற்கிறவளும் இடத்தை விட்டு நகர்த்த மாட்டாள். சாயங்காலம் ரோடு வழியாகத் திரும்பி வந்து, விலை பேசி, கட்டிக்கொண்டு போகலாம். பொழுது சாய்ந்தும் ஆள் வராவிட்டால் துண்டுக்கு மதிப்பில்லை. அப்படி வராமல் போனவன் அந்தக் கரையில் யாரும் கிடையாது.

இப்போது பாவாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் செஞ்சிக்காரன், அவனும் கருவாட்டு வியாபாரிதான். எட்டு வருஷம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அந்தச் சுற்றைச் சுற்றினார்கள், ஒரே பொட்டலத்துச் சோற்றைத் தின்றார்கள். ஐப்பசியில் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நாலு பேருக்கு வாந்தி கண்டது. அவர்கள் தின்றது துரைக்கண்ணுவிடம் வாங்கின வாளைக் கருவாடு. தின்றதால்தான் வந்ததா, வேறெதனாலோ வந்ததா, சாமிக்குத்தான் தெரியும். பாவாடை அன்றைக்கே டீக்கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்: "புழு வைக்கக் கூடாதுன்னு அவன் பூச்சி மருந்துப் பொடி தூவுறான்பா. நான் கூடவே போறவன், எனக்குத் தெரியாதா?"

கூடவே போகிறவன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? ஒரு வாரத்தில் செஞ்சியில் துரைக்கண்ணுவின் யாவாரம் படுத்துவிட்டது. அவலூர்பேட்டைக்குக் கொண்டு போனான். பின்னாலேயே அந்தப் பேச்சும் பஸ் ஏறி வந்து சேர்ந்தது. அவன் பெண்சாதி உண்ணாமலை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். ஒருத்தி கூடையைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, "எம் புள்ளைங்கள சாகடிக்க வந்தியா?" என்று கேட்டாளாம். உண்ணாமலை வீட்டுக்கு வந்து அழவில்லை. வெறுங்கூடையை வாசலில் போட்டுவிட்டு, "நீ ஆம்பளதானே?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி துரைக்கண்ணுவை நாலு மாதம் தூங்கவிடவில்லை. பாவாடையை அடிக்கலாம். அடித்தால் போலீஸ் வரும், நாலு நாளில் வீக்கம் வடிந்துவிடும். அது போதாது. பாவாடைக்கு எங்கே வலிக்குமோ அங்கே அடிக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தான்.

வலிக்கிற இடம் மேல்மலையனூர். மாசி அமாவாசைக்கு அங்கே கூடுகிற ஜனம் கொஞ்ச நஞ்சமில்லை. அங்காளம்மனுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைக்கிற குடும்பங்கள் ஏராளம். அந்த ஒரு நாளில் விற்கிற கருவாடு ஆறு மாதத்துக்குச் சமம். பாவாடை இந்த வருஷம் கோயிலுக்குக் கிட்டத்திலேயே இடம் பிடித்துப் பந்தல் போட்டிருந்தான். சரக்குக்கு அமாவாசைக்கு முதல் நாள் கடலோரம் போகப் போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

துரைக்கண்ணு அதற்கு முந்தின நாளே மரக்காணம் போய், உப்பளத்துக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். விடிகிற நேரத்தில் சைக்கிளை எடுத்தான். காரியரில் கூடை இல்லை, கயிறு இல்லை. கரையில் கிடக்கிற குவியலுக்கு ஒன்றாகப் பதினான்கு துண்டு மட்டும் இருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் அவனுடைய இரட்டை முடிச்சு.

முதல் குப்பத்தில் மூன்று குவியல். மூன்றிலும் துண்டு விழுந்தது. "இன்னா தொரகண்ணு, இம்மாஞ் சரக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி. "அமாவாசை வருதுல்ல" என்றான். பொய் சொல்கிறோம் என்ற கூச்சமே அவனுக்கு வரவில்லை. அடுத்த குப்பத்தில் இரண்டு. சக்கரம் மணலில் புதைகிற இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினான். வெயில் ஏற ஏற அவனுக்குத் தெம்புதான் ஏறியது. பின்னால் பாவாடை வந்துகொண்டிருப்பான், ஒவ்வொரு குவியலாகப் பார்த்து ஏமாந்துகொண்டே வருவான் என்று நினைக்க நினைக்கக் கால் தானாக மிதித்தது.

அனுமந்தைக் குப்பத்தில்தான் கொஞ்சம் தயங்கினான். அங்கே மீனம்பாளின் குவியல் இருந்தது, பளபளவென்று நெத்திலி. மீனம்பாள் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். மருந்துப் பொடிப் பேச்சு கடலோரம் வரைக்கும் வந்தபோது, "அவன் சரக்கு எங்கிட்டேருந்து போறது. பொடி போட்டா நான் போட்டிருக்கணும். எவன் சொன்னான், வரச் சொல்லு" என்று கரையில் நின்று சத்தம் போட்டவள் அவள் ஒருத்திதான். இப்போது அவள் குவியலருகே இல்லை, கட்டுமரம் கரையேறுகிற இடத்துக்குப் போயிருந்தாள். இதை விட்டுவிட்டுப் போனால் பாவாடைக்கு நல்ல நெத்திலி கிடைத்துவிடும். சாயங்காலம் இவள் சரக்கை மட்டும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லித் துண்டைப் போட்டான்.

கடைசித் துண்டு கோட்டக்குப்பத்தில் விழுந்தது. துரைக்கண்ணு பக்கத்துத் தென்னந்தோப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காத்திருந்தான். உச்சி தாண்டியபிறகு பாவாடை வந்தான். சைக்கிளின் இரண்டு பக்கமும் பெரிய கூடைகள், இரண்டும் காலி. கடைசிக் குவியலிலும் இரட்டை முடிச்சைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. துரைக்கண்ணு தோப்பிலிருந்து நிதானமாக வெளியே வந்தான்.

"எல்லாத்தையும் எப்படிடா தூக்குவ?" என்றான் பாவாடை.

"அது என் கவல."

"மலையனூர்ல பந்தல் போட்டுட்டேன்டா. ரெண்டு குவியல்லேருந்தாச்சும் துண்ட எடு. பழகின பழக்கத்துக்குக் கேக்குறேன்."

இந்தக் கெஞ்சலுக்காகத்தான் துரைக்கண்ணு நாலு மாதம் காத்திருந்தான். "கருவாடு எதுக்குடா ஒனக்கு? மருந்துப் பொடி வாங்கிட்டுப் போய் வித்துக்கோ" என்றான்.

பாவாடை சைக்கிளைத் திருப்பினான். காலிக் கூடைகள் ஆட ஆட அவன் போவதைப் பார்க்கத் துரைக்கண்ணுவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. தானும் வடக்கே திரும்பிக் குப்பம் குப்பமாகப் போய்ச் சரக்கெடுக்க வேண்டியவன், தெற்கே புதுச்சேரிக்கு மிதித்தான். வயிறாரச் சாப்பிட்டான், வெற்றிலை போட்டான், சைக்கிளை பஸ் மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். வழியெல்லாம் அந்த முகத்தையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தான். மீனம்பாளின் நெத்திலி ஒரு தரம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. உண்ணாமலையிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் நாலு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

மறுநாள் இரண்டு பேருமாக மலையனூர் போனார்கள். சாமி கும்பிடவா போனார்கள்? பாவாடையின் பந்தலைப் பார்க்கப் போனார்கள். எங்கேயோ திண்டிவனத்துப் பக்கம் பொறுக்கிய ஒரு கூடை பழைய கருவாட்டை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். உண்ணாமலை அவனுக்கு நேரே போய் நின்று, ஒரு கருவாட்டை எடுத்து மோந்து பார்த்து, கீழே போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அங்காளம்மன் தன் பக்கம் இருப்பதாகவே துரைக்கண்ணு நம்பினான்.

பத்து நாள் கழித்து, கூடையும் கயிறுமாகக் கடலோரம் போனான். முதல் குப்பத்திலேயே பெண்கள் அவனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அவன் துண்டுகள் மூன்றும் வேலியில் கிடந்தன, எடுத்துக்கொண்டான். கோபமாக இருப்பார்கள், இரண்டு நடையில் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

அனுமந்தையில் மீனம்பாள் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் குடிசைக்குள் போய் அவன் துண்டை எடுத்து வந்தாள். துவைத்து, மடித்து வைத்திருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு வந்து..." என்று ஆரம்பித்தான்.

"பொழுது சாய எல்லாரும் அள்ளிட்டாங்க. நான் அள்ளல. தொரகண்ணு வராம இருக்க மாட்டான்னு நின்னேன். அதுக்கு முன்னாடி, வெளிச்சம் இருக்கறப்பவே பாவாட வந்து கால்ல விழாத கொறையா கேட்டான். துண்டு கெடக்குது, தர மாட்டேன்னுட்டேன். ராவு மழ புடிச்சிக்கிச்சு. அப்பவும் அள்ளல, நீ வந்தா குவியல் கலஞ்சிருக்கக் கூடாதுன்னு ஓலயப் போட்டு மூடினேன். மூணாம் நாளு புழு."

துரைக்கண்ணு சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"பொடி தூவுடி, காப்பாத்திக்கலாம்னாங்க. மாட்டேன்னேன். ஒன் துண்டு விழுந்த சரக்கு, ஒன் பேர் கெட்டுரும்னு மாட்டேன்னேன். மொத்தமும் குழி வெட்டிப் பொதச்சேன்."

அவள் சத்தமே போடவில்லை. துண்டை அவன் கையில் வைத்துவிட்டு வலைக்குத் திரும்பிப் போனாள். துரைக்கண்ணுவுக்குக் கண் கலங்கியது. என்ன செய்தால் இது சரியாகும் என்று தெரியாமல், அவளுடைய இன்றைய குவியல் எங்கே என்று பார்த்தான். இருக்கிற விலைக்கு மேலே கொடுத்து முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட நினைத்தான். குவியல் வேலியோரம் இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு கிடந்தது, மூலையில் ஒற்றை முடிச்சு. எட்டு வருஷம் கூடவே பார்த்த முடிச்சு.

"பாவாடைக்கா?" என்றான்.

"ஆமா" என்றாள் மீனம்பாள், தலை நிமிராமல். "அவன் வந்து எடுத்துட்டுப் போறான்."