அத்தான் மூட மறந்த குழாய்

அந்த நீல அட்டை நோட்டு இப்போதும் அக்கா வீட்டுப் பின்கட்டில், ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது. மணி, சூடு, கையொப்பம் என்று பக்கத்துக்கு மூன்று கட்டங்கள். அத்தான் கெர்லிங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவர். மணிக்கொரு முறை அளவு எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என் கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்த பிறகுதான், ஆலைச் சட்டையோடு வந்து நின்றார். "பாய்லர விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்றார். எல்லா விசேஷத்துக்கும் அக்கா தனியாகத்தான் போய் வந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகாவது ஜோடியாக வெளியே போகலாம் என்று அவள் காத்திருந்தாள். மனிதரோ வீட்டிலேயே பீர் காய்ச்சக் கிளம்பிவிட்டார்! மூன்று சில்வர் அண்டா, இரண்டு பம்பு, சூட்டைப் பார்த்து அடுப்பை ஏற்றி இறக்கும் ஒரு கண்ட்ரோல் பெட்டி. முளைகட்டிய பார்லி ஊறும் வெந்நீரைப் பம்பு சுற்றவிடும், நேரம் முடிந்ததும் அடுத்த அண்டாவுக்குத் தள்ளும். அங்கே கொதித்து ஆறும். "சுவிட்ச தட்டிட்டு நாம பாட்டுக்குப் போயிரலாம்" என்று பெருமையடித்தவர், அண்டா முன்னால் நாற்காலி போட்டு அந்த நீல நோட்டில் மணிக்கொரு அளவு எழுதிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வந்ததே கோபம்! "தானா ஓடுற மெஷினுக்குக் காவல் எதுக்குங்க? ஞாயித்துக்கெழம என் பொறந்தநாளு. சுங்கை செம்பிலாங் கடலோரம் போயி நண்டு சாப்பிடணும். வரலன்னா அந்தப் பெட்டியோடவே குடும்பம் நடத்துங்க லா."

ஞாயிறு காலை மெஷினை ஓடவிட்டு, எட்டு மணி அளவை எழுதிவிட்டு, புதுச் சட்டை போட்டார். நான் காரிலிருந்து ஹாரன் அடித்ததும் ஓடி வந்து ஏறினார். வழியெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப அறுபத்தேழு டிகிரி இருக்கும்" என்று முனகினார். அக்கா நண்டு ஓட்டை உடைத்து உடைத்து அவர் தட்டில் வைத்தாள். மூன்றாவது நண்டுக்குப் பிறகு அவர் மணி பார்க்கவில்லை. அன்று அக்கா சிரித்த சிரிப்பிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பினால், பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது, முதல் அண்டா காலி! அதன் அடிக்குழாய் திறந்து கிடந்தது. ஆலையில் ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது பாய்லரின் அடிக்குழாயைத் திறந்து கசடு இறக்கிவிட்டு மூடுவார்கள். முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்த் திறந்திருக்கிறது. என் ஹாரனைக் கேட்டதும், ஆலைச் சங்குதான் ஊதிவிட்டது என்பதுபோல மூடாமலே வந்துவிட்டார். அத்தனையும் பின்கட்டு வாழைக்குப் பாய்ந்திருந்தது. அக்கா முகம் சுண்டிப்போயிற்று. இனி இவர் வாசலைத் தாண்டவே மாட்டார் என்று எனக்கும் பயம்.

அத்தான் குனிந்து அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. "பாத்தியா! தண்ணி எறங்குனதும் அதுவா கட் ஆயிருச்சு லா! நான் இல்லாமலே சமாளிச்சிருக்கு!" என்று கைதட்டிச் சிரித்தார். "அப்ப அடுத்த ஞாயிறும் போலாம்" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

இப்போதெல்லாம் பீரும் நன்றாகவே வருகிறது, அவர்களும் ஊர் சுற்றுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் நோட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். எட்டு மணிக்கு அளவு இருக்கிறது. ஒன்பது, பத்து, பதினொன்று காலி. பன்னிரண்டுக்கு எதிரே, சூடு எழுத வேண்டிய கட்டத்தில், ‘நண்டு. எல்லாம் ஓகே’ என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில், கையொப்பக் கட்டத்தில், முதன்முறையாக இரண்டு கையொப்பங்கள்.