பிடுங்கிப் போட்ட அல்லிக் கிழங்குகள்

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைக்கிறேன், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், தை மாதம். மாதா சிலை வைத்த கெபியை ஒட்டிய குளத்தைச் சுத்தம் செய்வது என்று முடிவெடுத்தேன். ஊரில் யாரையும் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.

குளம் முழுக்க அல்லி. காலையில் போனால் வெள்ளை வெள்ளையாக விரிந்து கிடக்கும், வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். இலைகளின் மேல் ஓர் இலைக்கோழி நீண்ட விரல்களை அகட்டி வைத்து நடந்து போகும். இலையை விலக்கிக் கையை விட்டால் தண்ணீர் சில்லென்று இருக்கும், கெண்டைக் குஞ்சுகள் விரலில் வந்து இடிக்கும். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கண்ணுக்கு அது களை. மாணவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கொடியும் கிழங்குமாகப் பிடுங்கிக் கரையில் குவித்தார்கள்.

கரையோரக் குடிசையில் இருந்த பெண் தினமும் வந்து நின்று பார்ப்பார். கூலி வேலைக்குப் போகிறவர், என் வயதுதான் இருக்கும். நாலாம் நாள், கிழங்குகளை எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எதற்கு என்றேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடிந்ததும் வேலை இருக்காது, கோடையில் தண்ணீர் இறங்கியதும் இதைத் தோண்டி அவித்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்றார். பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கோங்க என்று பெரிய மனதோடு சொன்னேன். அவர்கள் சாப்பாட்டைத்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முகாம் முடிந்ததும் குளத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, அடுத்த முகாமுக்கு இடம் பார்க்க அந்தப் பக்கம் போனேன். குளம் நிறைய அல்லி. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை யார் மறுபடி வளரவிட்டது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

தான்தான் நட்டதாகச் சொன்னார். நாங்கள் கிளம்பிய மறுநாளே அவரும் கணவருமாக ஒவ்வொரு கிழங்காகச் சேற்றில் ஊன்றியிருக்கிறார்கள். இலை மூடாவிட்டால் கோடையில் தண்ணீர் கொதித்துப்போகும், மீனும் செத்துவிடும், அப்புறம் எதைத் தின்பது என்றார். அந்தக் கோடையில் கிழங்கைத் தோண்டாமல் விட்டுவிட்டு, கேப்பைக் கூழை இன்னும் தண்ணீராகக் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றினார்களாம்.

அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"பசங்க அட்டை கடிக்கக் கடிக்கத் தண்ணில நின்னுக்கினு வேலை செஞ்சாங்க சார். நீங்களும் அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. உங்க மனசு நோவக்கூடாதுன்னுதான், நீங்க பஸ் ஏறுற வரைக்கும் கெழங்க ஈரச் சாக்குல வச்சிக்கினு காத்துக்கினு இருந்தோம்."