பதினான்காம் பாகத்தை முந்திப் பார்த்தது யார்?

கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: திரை உடைந்தவர் துக்க வீட்டுக்கு வந்தவரைப் போலத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார். பட்டம் வாங்கியும் அலுவலக வேலை கிடைக்காமல், பினாங்கின் ஜெலுத்தோங்கில் அப்படியொரு கடையில் நிற்கிறேன். இதில் வரும் தொழிலாளர் விடுதிச் சங்கதிகள் நான் பார்த்தவை அல்ல. எங்கள் வாடிக்கையாளர் ரினி மலாய் மொழியில் சொல்லிக் கேட்டவை.

ஆறு பேர், ஒரு தொடர்

ரினி இந்தோனேசியாவின் மேடானிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவள். விடுதி அறையில் அவளோடு சேர்த்து ஆறு இந்தோனேசியப் பெண்கள், எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால், ஞாயிறு மதியம் ஆறு பேரும் கூடித்தான் காதல் தொடர் பார்ப்பார்கள். முந்திப் பார்ப்பது பெருங்குற்றம். தொடர் இருப்பது ரினியின் கைப்பேசியில். அது மாடிப்படியில் விழுந்து திரை நொறுங்கிவிட, எங்கள் கடைக்குக் கொண்டுவந்தாள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணும்க்கா. இல்லன்னா அஞ்சு பேரும் என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்!”

அரை நிமிடம்

புதுத் திரை மாட்டினால் எதையாவது ஓடவிட்டு நிறம் சரியா என்று பார்ப்போம். உங்கள் ஊர்க் கடையிலும் அப்படித்தான் இருக்கும். பட்டியலில் என் விரல் பட்டது பதினான்காம் பாகம். நாயகன் மழையில் நின்றான். அரை நிமிடம்தான் இருக்கும், முதலாளி பஷீர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“அவன் நனையட்டும்லா, நீ அடுத்த போன எடும்மா.”

முத்திரையோடு ஒரு கடிதம்

ஞாயிறன்று விடுதியில், ரினி வாங்கிப்போன கைப்பேசியைச் சோற்றுக் குக்கரில் சாய்த்து வைத்துத் திறந்தால், பதினான்காம் பாகத்தின் மேல் ‘பார்த்தாயிற்று’ என்ற குறி. அதற்குப் பிறகு அறையில் யாரும் ரினியோடு பேசவில்லை. சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை. புதன்கிழமை, அறைத்தோழி தேவியை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கடையில் யாராவது அந்தப் பாகத்தைத் திறந்தீர்களா என்று கேட்டாள்.

வாடிக்கையாளரின் தொடரைத் திறந்தேன் என்று ஒத்துக்கொண்டால் வேலை என்ன ஆகும்? வீட்டில் முதல் பட்டதாரி, இதற்காக வேலை போனது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லிவிட்டேன். தேவி நம்பாததுபோல் பார்த்ததால், ரசீதின் பின்புறம் ‘திறந்தவள் நானே’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, கடை முத்திரையும் குத்தினேன். பஷீர் அண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். தேவி இரண்டு முறை படித்துவிட்டு ரினியின் தோளில் கை போட்டு, என்னிடம் சொன்னாள்:

“அப்போ ஞாயித்துக்கிழமை நீங்களும் வரணும்க்கா. இனிமே நீங்களும் முந்திப் பாக்கக் கூடாது.”

போனேன், ஏழாவது ஆளாகத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன், பிறகு அதே செயலியை என் கைப்பேசியில் சோதித்ததில், அரை நிமிடம் ஓடினால் அந்த ‘பார்த்தாயிற்று’ குறி விழுவதில்லை, கடைசிவரை பார்த்தால்தான் விழுகிறது.