திகதி போடாத கடிதம்

எனக்குக் கோபம் கெதியில் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ருக்சானா பர்க்கத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைக்கிறதைக் கேட்டால் யாருக்குத்தான் வராது? "அந்தப் பாக்கிஸ்தான்காரி" என்பார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பெயருக்குப் பின்னால் மாகாண சபை உறுப்பினர் என்ற பட்டமும் இருந்தது.

கனடாவில், லாசாலில் ஒரே வாடகைக் கட்டடத்தில் இருக்கிறோம். நான் இரண்டாம் மாடி, அவள் மூன்றாம் மாடி. வேலையும் பாண் சுடுகிற ஒரே தொழிற்சாலையில்தான். நான் பாணைப் பையில் போட, அவள் வாயைக் கட்டுவாள். எங்களைப் போல அவளும் கத்தோலிக்கம். ஞாயிறு பூசைக்கு எங்கள் தமிழ்ப் பங்குக் கோவிலுக்கு வந்து, ஒரு சொல்லும் விளங்காமல் கடைசி வாங்கில் இருப்பாள். அவள் வந்த எட்டு வருடத்தில் ஒருத்தி கூட அவளை ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிடவில்லை. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டினால் என் வாய் அழுகிப்போகும்.

போன நவம்பரில், பூசை முடிந்து மண்டபத்தில் நிற்கும்போது ஞானேந்திரன் ஒரு கட்டுக் கடுதாசியோடு வந்தார். எங்கள் கட்டடச் சொந்தக்காரனிடம் வேலை செய்கிறவர். பங்குத் திருவிழாவில் மாதா சுருவம் தூக்குகிறவரும் அவர்தான்.

"அக்கா, ஹீற்றர் திருத்த லிஸ்ட் எடுக்கிறம். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

எல்லாம் பிரெஞ்சு. நான் வாசிக்கவில்லை. எங்கள் ஆள் ஒரு தாளை நீட்டினால் நாங்கள் வாசிப்பதில்லை. வாசித்தால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமாம், மரியாதைக் குறைவாம்! எங்கள் கட்டடத்துத் தமிழர் எட்டு வீட்டுக்காரரும் வரிசையில் நின்று போட்டோம். ருக்சானா மட்டும் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதில் திகதி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பேந்து போடலாம்," என்று அவர் தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். அவள் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"பெரிய மந்திரி இவ!" என்று பின்னால் சொன்னவள் வேறு யாருமில்லை, நான்தான்.

ஜனவரியில் மன்னாரில் என் தம்பி செத்துப்போனான். மூன்றாம் திகதி ஓடிப்போய், முப்பதாம் திகதி திரும்பி வந்தேன். ஏப்ரலில் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஜூன் முடிவில் வீட்டை விட்டுப் போக நான் சம்மதித்திருக்கிறேனாம்! கீழே என் கையெழுத்து. பக்கத்தில் திகதி, ஜனவரி பன்னிரண்டு. என்ர மாதாவே! இருபத்திரண்டு வருடம் இருந்த வீடு. நான் கொடுக்கிற வாடகைக்கு இப்போது ஒரு கராஜ் கூடக் கிடைக்காது.

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். என்னை இருத்தி, தேத்தண்ணி ஊற்றித் தந்தவள் அவள்தான். கடிதத்தில் திகதி இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

அவள் ஊரில் தெருக்கூட்டுகிற கிறிஸ்தவர்களின் குடியிருப்பில் ரீச்சர். மாகாண சபையில் சிறுபான்மையினருக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு ஆட்களைக் கட்சிதான் போடும். இவளை அதில் போட்டார்கள். பட்டியலில் பெயர் ஏற முதல் ஒரு தாள் நீட்டினார்கள். அவளே எழுதியது போல ஒரு ராஜினாமாக் கடிதம், திகதி இல்லாமல். "எல்லாரும் வைக்கிறதுதான் மகள், நாங்கள் உன்ர ஆக்கள் தானே" என்றாராம் ஒரு பெரியவர். வைத்தாள்.

சபையில் மூன்று வருடம் கடைசி வாங்கு. கெஞ்சிக் கூத்தாடி அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தாள். ஒருநாள் அங்கே மூன்று பேர், முகமூடி கூடக் கொடுக்காமல் மலக்குழிக்குள் இறக்கப்பட்டு, மூச்சடைத்துச் செத்தார்கள். ஒருவன் அவளிடம் படித்தவன். அன்று பின்னேரம் நாலு மணிக்குச் சபையில் எழும்பி, தன் கட்சி அமைச்சரையே கேட்டாள்: "உங்கட பிள்ளையை அதுக்குள்ள இறக்குவியளா?"

இரவு செய்தியில் சொன்னார்கள், உறுப்பினர் ருக்சானா காலையிலேயே ராஜினாமாச் செய்துவிட்டாராம். அந்தக் கடிதத்தில் அன்றைய திகதியைப் போட்டு, நேரம் காலை ஒன்பது என்றும் எழுதியிருந்தார்கள். காலையில் விலகினவள் பின்னேரம் எப்படிச் சபையில் பேசுவாள்? கேட்டாள். ஒரு வருடம் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். பிறகு வீட்டுக்குக் கல்லெறி வந்தது, மிரட்டல் வந்தது, கடைசியில் கனடாவுக்கு வந்தாள்.

கதை முடிய அவள் என் கடிதத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அக்னெஸ், ஜனவரி பன்னிரண்டு நீ எங்க இருந்தனி?"

வாடகை வழக்குகள் பார்க்கிற நீதிமன்றத்துக்குப் போனேன்; விசாரணை ஜூன் முதல் கிழமையில் நடந்தது. அவளும் லீவு போட்டு வந்தாள். ஞானேந்திரன் வெள்ளைச் சட்டையில், கட்டடச் சொந்தக்காரனின் வக்கீலுக்குப் பக்கத்தில். ஜனவரி பன்னிரண்டு, தன் கண்ணுக்கு முன்னால் நான் கையெழுத்து வைத்தேன் என்று சத்தியம் பண்ணினார். மாதாவைத் தூக்குகிற அதே கையை உயர்த்தி! நான் பாஸ்போட்டை நீட்டினேன். நீதிபதி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, போனதற்கும் திரும்பினதற்கும் கொழும்பில் குத்திய இரண்டு முத்திரைகளையும் பார்த்தார். ஞானேந்திரனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கடிதம் செல்லாது என்றார். மற்ற ஏழு வீட்டுக்கும் வந்திருந்த கடிதங்களிலும் அதே திகதி, அதே பேனை.

வெளியே ஞானேந்திரன் என் பின்னால் வந்தார். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. அவங்கள் சொன்னதைத்தான் நான் செய்தனான்."

"வெட்கங்கெட்டவனே, என்ர கண்ணில முழிக்காதை!" என்று அந்த நீள வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினேன். காவலாளி எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும்.

திரும்பினால் ருக்சானா வாங்கில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். வென்றுவிட்டோமே, ஏன் அழுகிறாய் என்று தோளைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் நாலு மணிக்குப் பேசினது சபைப் புத்தகத்தில எழுதிக் கிடந்தது, அக்னெஸ். திறந்து பாருங்கோ எண்டு ஒரு வருஷம் கெஞ்சினனான். இந்த நீதிபதி உன்ர பாஸ்போட்டைப் பார்க்க ரெண்டு நிமிஷம்தான் எடுத்தது."