அக்கரையிலிருந்து அம்மா

அம்மா காவிரியை நீந்திக் கடக்கப் போகிறாள் என்ற செய்தி பரவிய நாளிலிருந்து, நான் பள்ளிக்கூடத்தில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஆற்றில் குளிப்பார்கள், துவைப்பார்கள். பந்தயத்தில் நீந்தமாட்டார்கள். அம்மாவுக்கோ அப்போது நாற்பத்தொரு வயது. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

அவள் பிறந்தது முசிறியில். வாழைமரத் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகியவள். பதின்மூன்று வயதில் பையன்களோடு போட்டி போட்டுக்கொண்டு எதிர்க்கரைக்குக் கிளம்பியிருக்கிறாள். பாதி ஆற்றில் இருந்தபோது மாமா கரையில் நின்று கத்தித் திரும்பி வரவைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவளை ஆற்றுப் பக்கமே விடவில்லை. கல்யாணமாகி, நான் பிறந்து, வேலைக்கும் போய் வந்துகொண்டிருந்தவள் அந்த மீதிப் பாதி ஆற்றை மறக்கவேயில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

திருச்சிக் கரையிலிருந்து எங்கள் கரையில் உள்ள அம்மா மண்டபம் படித்துறை வரை நீச்சல் போட்டி என்று ஓர் இளைஞர் மன்றம் நோட்டீஸ் ஒட்டியது. அம்மா இனிஷியலோடு பெயர் எழுதிக் கொடுத்தாள். ஆண் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்து அவர்கள் பதறியபோது, பெண்கள் கூடாது என்று நோட்டீஸில் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தன் பெயரை நீக்கவிடாமல் செய்துவிட்டாள்.

அப்பா கணக்கு வாத்தியார். ஊருக்குள் வெள்ளம் வந்து போய் இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆற்றில் இரண்டாம் படிக்குக் கீழே அவர் இறங்குவதை விட்டிருந்தார்.

"உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஒண்ணும் ஆகாதுங்க. தினம் காலையில போயிட்டுத்தானே வரேன்."

குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு மாதமாக விடியற்காலையில் அவள் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

நீந்துவதற்காக அப்பாவின் பழைய காக்கி பேண்ட்டை முழங்காலுக்குக் கீழே வெட்டித் தைத்து வைத்திருந்தாள் அம்மா. அது கொடியில் காய்ந்ததை என் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். "உங்கம்மா ஆம்பள வேஷம் கட்டப் போறாங்களாமே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். போட்டியன்று காலை நான் அந்தப் பேண்ட்டைச் சுருட்டி அரிசி டிரம்முக்குள் அமுக்கினேன். பேண்ட் இல்லாவிட்டால் அம்மா போகமாட்டாள் என்பது என் கணக்கு.

அம்மா பீரோவை உதறினாள், பரணில் ஏறினாள், என்னையும் கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு மணியைப் பார்த்தாள். கட்டியிருந்த பச்சைப் புடவையோடு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அம்மா மண்டபப் படிகளில் திருவிழாக் கூட்டம். ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. அக்கரையில் விசில் ஊதியது கேட்கவில்லை. தண்ணீர் சிதறியது மட்டும் தெரிந்தது. இருபது தலைகள் தேங்காய்கள் மிதப்பதுபோல் வர ஆரம்பித்தன. பின்தங்கி வந்தவற்றில் ஒன்றைச் சுற்றிப் பச்சையாக ஏதோ உப்பிக்கொண்டிருந்தது.

"டேய், புடவையோட ஒரு பொம்பள வருதுடா!"

முதல் ஆள் கரையேறினான். நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஐந்தாவது ஆள் வந்தபோது நடு ஆற்றில் அந்தத் தலை நகராமல் நின்றது. தண்ணீர் அதைக் கிழக்கே இழுத்தது. ஒருமுறை முங்கி எழுந்தது. மறுபடி முங்கியது.

"புடவை கால்ல சுத்திக்கிச்சு. அவ்வளவுதான்."

யாரோ சர்வ சாதாரணமாகச் சொன்னார். காவலுக்கு நின்ற பரிசல் அந்தப் பக்கம் திரும்பியது. பச்சைப் புடவை விரிந்து, தனியாக மிதந்து போனது. அதற்குள் அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக் கத்தினேன். நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்ல முடியாது என்றும் நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளை இறுகப் பிடித்தது. அப்பா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மறு கையை ஆற்றை நோக்கி நீட்டினார்.

"அங்க பாரு. அங்க, அங்க!"

புடவையிலிருந்து நாலைந்து ஆள் நீளம் தள்ளி ஒரு கை எழுந்தது. பரிசல்காரனைப் பார்த்து, வேண்டாம், போ என்று வீசியது. பிறகு அடுத்த கை. புடவையை அவளே அவிழ்த்து ஆற்றோடு விட்டிருந்தாள். இப்போது அந்தத் தலை ஒரே சீராக எங்களை நோக்கி வந்தது. வழியில் இரண்டு பேரைத் தாண்டியது.

கரைக்கு வந்தவள் எழுந்து நிற்கவில்லை. பாவாடையும் ரவிக்கையுமாக, கழுத்தளவுத் தண்ணீரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். குளிக்க வந்திருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா தன் மாற்றுப் புடவையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டாம் படி, மூன்றாம் படி, மார்பளவுத் தண்ணீர். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அவள் சுற்றிக்கொள்ளும்வரை மறைத்துக்கொண்டு நின்றார்.

படியில் வந்து உட்கார்ந்தவளின் மடியில் விழுந்து, "பேண்ட்ட நான்தாம்மா ஒளிச்சு வெச்சேன்" என்று தேம்பினேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா அதைக் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. வந்த வழியை, அக்கரையை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவதா வந்தேன்? எண்ணுனியா?"

"பதினாலாவது" என்றேன்.

"பதினாலாவதா!" என்றாள். அப்பாவின் பக்கம் திரும்பி, "ஏங்க, பதினாலாவதாம்" என்றாள். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பாவும், சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தலையை ஆட்டிச் சிரித்தார்.

எனக்குக் கோபமாக வந்தது. வகுப்பில் மூன்றாவது ரேங்க் வாங்கியதற்கே முந்தின மாதம் இவர்கள் இருவரிடமும் திட்டு வாங்கியவள் நான்.