அக்காளின் கட்டிலும் பூமியின் காந்தமும்

என் அக்காளின் கணவருக்குப் பூமியைப் பற்றிக் கவலை வந்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். அதற்கு முன் சொந்த வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிக்கூட அவர் கவலைப்பட்டதில்லை. இப்போது காலைத் தேநீரோடு கைப்பேசியில் காணொளி ஓடும். பூமியின் காந்தம் குறைகிறது, வடதுருவம் நகர்கிறது, சீக்கிரமே வடக்கும் தெற்கும் இடம் மாறும், அரசாங்கங்கள் மறைக்கின்றன என்று ஒரு குரல் பயமுறுத்தும். பின்னால் உடுக்கைச் சத்தம் வேறு. விஞ்ஞானத்துக்கு எதற்கு உடுக்கை என்று நான் கேட்டதில்லை. அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும் எதையும் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அக்காளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துவிட்டது. மருத்துவமனையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெண் வீட்டுக்கு வந்து அறையைப் பார்த்துவிட்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போடச் சொன்னாள். தலை தெற்கே, வலது கை ஜன்னல் பக்கம். நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து அக்காள் எழுந்து நிற்பாள். பிறகு சுவரோரமாகவே நகர்ந்து கழிவறைக்குப் போய்விடுவாள். மாதக்கணக்கில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டது அது. கழிவறைக் கதவைத் தானே சாத்திக்கொண்ட அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மாமாவுக்கு, அக்காளின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், இது போதவில்லை. இன்னும் ஏன் கை வரவில்லை, பேச்சு ஏன் குழறுகிறது என்று யோசித்து, பூமியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். கடலுக்கு அக்கரையிலிருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தார்.

வந்தவர் விரல்கள் நிறைய மோதிரம். அக்காளின் நட்சத்திரத்தைக் கேட்டார், அக்காளிடம் எதுவும் கேட்கவில்லை. இரும்புக் கட்டிலின் சட்டத்தில் திசைகாட்டியை வைத்தார். அதன் பக்கத்திலேயே காந்தப் பூட்டு உறை போட்ட தன் கைப்பேசியையும் வைத்தார். முள் விசுக்கென்று சுழன்று தெற்கே நின்றது. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் கைப்பேசி மணியடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போக, முள் ஆடி ஆடி வடக்குப் பக்கம் திரும்பியது. பேசிவிட்டு வந்து பழைய இடத்தில் வைத்தார். மறுபடியும் தெற்கு.

"பாத்தீங்களா, பூமி எப்படித் தடுமாறுதுன்னு" என்றார்.

மாமா தலையை ஆட்டினார். கண்ணெதிரே நடப்பதைப் பார்க்காமலிருப்பதற்கு ஒரு தனித்திறமை வேண்டும். அது இருவருக்கும் சமமாக வாய்த்திருந்தது.

அதன்பின் வந்த தீர்ப்புதான் உச்சம். தெற்கு வடக்காக மாறிக்கொண்டிருக்கிறதாம், ஆகவே தெற்கே தலை வைப்பது இப்போது வடக்கே வைப்பது போலவாம். கட்டிலைத் திருப்பினார்கள். வடக்கே தலை வைக்காதே என்று பிள்ளைகளை இன்றைக்கும் அதட்டும் ஜனங்களில், என் அக்காளை வடக்கே தலை வைத்துப் படுக்க வைத்த பெருமை இவர்கள் இருவருக்குத்தான் சேரும்.

நான் பள்ளியில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை மட்டுமே படித்தவள். இருந்தாலும் மலாய் மொழியில் தேடி வாசித்துப் பார்த்தேன். பூமிக்குள் வெகு ஆழத்தில் உருகிய இரும்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறதாம். அந்த ஓட்டத்தில் மின்சாரம் பிறந்து, அதிலிருந்து காந்தம் உண்டாகிறதாம். ஓட்டம் மாறினால் காந்தமும் மாறும். காந்த வடதுருவம் கனடாப் பக்கமிருந்து சைபீரியாவை நோக்கி நகர்வது உண்மைதான். துருவங்கள் இடம் மாறியதும் உண்மை, ஆனால் கடைசியாக மாறியது பல லட்சம் ஆண்டுகளுக்கு முன். அப்படி மாறி முடிக்கவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். எல்லாம் எனக்குப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக் கட்டிலுக்காக அந்த இரும்பு ஆறு அவசரப்படாது என்பது மட்டும் புரிந்தது.

திருப்பிய கட்டிலில் ஜன்னல் அக்காளின் இடது பக்கம் போய்விட்டது. செத்த கை கம்பிப் பக்கம், நல்ல கைக்கு வெறும் காற்று. ஒவ்வொரு தடவையும் எங்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் அவள் கூப்பிட்டது மாமாவின் காதில் விழவில்லை, காணொளி ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்தபோது மெத்தை நனைந்திருந்தது. அக்காள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா போய் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வந்து, பிரச்சினை தீர்ந்ததுபோல் மேசைமேல் வைத்தார்.

அக்காள் அந்த டயப்பர் பொட்டலத்தைப் பார்த்தாள். "எனக்கு இது வேணாம். நான் நடப்பேன்" என்று குழறலோடு சொன்னாள்.

"துருவம் ஒரு நிலைக்கு வரட்டும்லா" என்றார் மாமா.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

"மாமா, நீங்க இதுல படுங்க. இடது கைய மடக்கி வச்சுக்கிட்டு எந்திரிச்சுக் காட்டுங்க."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "இது உங்க அக்கா நட்சத்திரத்துக்குப் பாத்தது. எனக்கு ஆவாதுலா."

பூமி முழுக்கப் புரள்கிறது, ஆனால் இவர் நட்சத்திரத்துக்கு மட்டும் வடக்கு வடக்காகவே இருக்கிறது. நான் அக்காளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கட்டிலைத் தனியாகவே இழுத்துத் திருப்பினேன். அவர் உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் தன்னைக் கேட்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

"இப்ப ஆனதுக்கே உங்கள யாரும் கேக்கல" என்றாள் அக்காள்.

இப்போது அவள் முன்பைவிட நன்றாக நடக்கிறாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மாமா, நடுவில் கொஞ்ச காலம் கட்டிலைத் திருப்பிப் போட்டதால்தான் இந்த முன்னேற்றம் என்று சொல்கிறார். வந்தவர்களும் வாஸ்துக்காரரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அவர் அந்தக் கதையை ஆரம்பித்ததுமே அக்காள் எழுந்து சுவரோரமாக மெல்ல நடந்து கழிவறைக்குள் போய், உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். கதை முடியும்வரை வெளியே வருவதில்லை.