பொட்டு வைத்த தூக்குமெசின்

எங்கள் முதியோர் இல்லத்துக்கு வெளிநாட்டிலிருந்து தூக்குமெசின் வந்தபோது என் பிள்ளை தவழத் தொடங்கியிருந்தான். பிரசவத்துக்கு முன் எனக்கிருந்த இடுப்பு வேறு, பின்பு கிடைத்தது வேறு. குனிந்தால் அடிமுதுகில் ஏதோ ஒன்று சுருக்கென்று எட்டிப்பார்க்கும். அது சதைப்பிடிப்பா, எலும்புத் தேய்வா, வெறும் பயமா என்று யோசித்தபடியே யட்டவத்த பஸ்ஸில் மாத்தளைக்கு வேலைக்குப் போவேன்.

தாதிப் பயிற்சி முடித்தவள் என்பதால் என்னை 'மிஸ்' என்றார்கள். மரியாதை அந்தச் சொல்லோடு சரி. காலையில் வயதானவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்கவேண்டும். மாலையில் நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் போடவேண்டும். நடுவில் கக்கூசுக்கும் குளியலறைக்கும் தூக்கவேண்டும்.

என்னோடு ஜோடி சேர்ந்து தூக்கியவர் பக்கத்துக் கிராமத்து முஸ்லிம் பெண்மணி. என்னைவிட மூத்தவர், எல்லோருக்கும் ராத்தா, அதாவது அக்கா. தூக்குவதில் முக்கியம், இரண்டு பேரும் ஒரே நொடியில் தூக்குவது. எங்கள் சிக்கலே அங்கேதான். ராத்தா 'பிஸ்மில்லாஹ்' சொல்லித் தூக்குவார். நான் 'முருகா' என்று தூக்குவேன். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் முருகன் சீக்கிரம் முடிந்துவிடுவார். ராத்தா சொல்லி முடிப்பதற்குள் ஆளின் முக்கால் பாரம் என் கையில் இருக்கும்.

இதனால் அதிகம் அவதிப்பட்டவர் கணக்கப்பிள்ளை ஐயா. நாலந்தாப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து எங்களிடம் வந்தவர். உடம்பு விழுந்ததே தவிர, எடையும் வாயும் விழவில்லை.

"மிஸ், ஒங்க சாமியும் அவங்க சாமியும் மொதல்ல பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரைக்கும் நான் அந்தரத்துல கெடக்குறேன்" என்பார்.

"வாய மூடிக்கிட்டு கழுத்தப் புடிங்க" என்பார் ராத்தா.

"புடிச்சா கட்டிப்புடிக்கிறேன்னு சொல்லுவீங்களே!"

எங்கள் முதுகைப் பற்றி நிர்வாக சபைக்கு அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு கனவானை அழைத்துக் கருத்தரங்கு வைத்தார்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது எப்படி என்று, வெறும் பிஸ்கட் பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பெட்டி அவருடைய கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை, மூத்திரம் போகவில்லை, நடுவழியில் மனத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அதனால் நன்றாகவே தூக்கினார். முடிந்ததும் தன் பெட்டிகளைக் கார்வரை கொண்டுபோக என்னையும் ராத்தாவையும் கேட்டார். அவருக்கு முதுகுவலியாம். அவர் தந்த சுவரொட்டி, கணக்கப்பிள்ளை ஐயாவின் கட்டிலுக்கு எதிரே ஒட்டப்பட்டது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழுக்கு இடம் போதவில்லை என்றார்கள்.

பிறகுதான் மெசின் வந்தது. மெசின் என்றாலும் மின்சாரம் வேண்டாம். சக்கரம் வைத்த இரும்புக் கால், மேலே கொக்கு மாதிரி ஒரு கை, அதில் தொங்கும் துணித் தொட்டில். பிடியை அடித்தால் ஆள் மேலே போவார். பக்கத்துக் குமிழைத் திருகினால் மெல்லக் கீழே வருவார். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு கம்பியாக வெளியே எடுத்திருக்கிறார்கள். இது ஆட்களைத் தூக்குகிற மெசின் என்று லொறிக்காரர் சிங்களத்தில் விளக்கினாராம். சிப்பாய்கள் சிரித்தார்களாம்.

கணக்கப்பிள்ளை ஐயா சிரிக்கவில்லை. "இந்தக் காலத்துல ஆளத் தூக்குறதுக்கு மெசின் வேற வேணுமா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

மெசினைச் சபைத் தலைவர் மாலை போட்டு வரவேற்றார். நகரத்தில் மிளகு மொத்த வியாபாரி அவர். அதன்பிறகு அது பிளாஸ்டிக் உறையோடு வரவேற்பறையில் நின்றது. விருந்தினர் வந்தால் உறையைக் கழற்றிக் காட்டுவோம். போனதும் மாட்டுவோம். நாங்கள் கையால் தூக்கிக்கொண்டே இருந்தோம்.

"மேடம், அத பாவிக்கலாமே?" என்று மேட்ரனிடம் கேட்டேன்.

"பாவிச்சா தேஞ்சிபோகும் மிஸ். கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

நான் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று கேட்கத் தோன்றியது. அது மரியாதைக் குறைவாகுமோ என்று யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

ஒரு காலை, கணக்கப்பிள்ளை ஐயாவைத் தூக்கும்போது, முருகனுக்கும் பிஸ்மில்லாஹ்வுக்கும் இடைப்பட்ட அந்த நொடியில், என் முதுகில் எதுவோ பிடித்துக்கொண்டது. நிமிர முடிந்தது, ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். மாலை வீட்டுக்குப் போனதும் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். நான் குனிந்தேன். பாதியில் நின்றுவிட்டேன்.

"புள்ள கைய நீட்டுது, என்னா யோசன?" என்றார் மாமியார்.

தரையில் உட்கார்ந்துகொண்டேன். மடியில் அவனே ஏறட்டும் என்று விட்டேன். விளையாட்டு என்று நினைத்து அவன் சிரித்தான். இந்த முதுகு இன்னொரு முறை இப்படிப் பிடித்தால் இவனை நான் இனித் தூக்கவே போவதில்லை என்று தோன்றியது. வேலையை விட்டுவிடலாமா? விட்டால் வீடு என்ன ஆவது? விடாவிட்டால்? அன்றிலிருந்து கையை நீட்டிக்கொண்டு யார் நின்றாலும் என் கை முதலில் இடுப்பைத்தான் பிடித்தது.

நவராத்திரி வந்தது. மெசினும் ஆயுதம்தானே? ஆயுத பூசையன்று உறையைக் கழற்றித் துடைத்து, இரத்தப் பிரஷர் பார்க்கும் கருவிக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே நிறுத்தினார்கள். மலப்பாத்திரத்தை வைப்பதா வேண்டாமா என்று சிறு விவாதம் நடந்து, அது வெளியே போனது. தலைவர் தன் கையாலேயே மெசினுக்குச் சந்தனம் பூசினார். அந்தக் குமிழ் நெற்றிபோல் உருண்டையாக இருந்ததாலோ என்னவோ, அதற்குத் தாராளமாக அப்பிக் குங்குமமும் வைத்தார். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. ஆகவே அன்றும் எல்லோரையும் நாங்களே தூக்கினோம். எங்களுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாளில் மெசினுக்கும் வேலை தொடக்கலாம் என்று சபை முடிவு செய்திருந்தது. முதலில் ஒரு நோயாளியை ஏற்றுவது மங்களமாக இருக்காது என்றார் செயலாளர். ஆகவே தலைவரே ஏறினார். வெள்ளை வேட்டியோடு தொட்டிலில் உட்கார்ந்தார். நான் பிடியை அடித்தேன். ஐயா எழுந்தருளினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"போதும், எறக்குங்க" என்றார்.

குமிழைத் திருகினேன். அசையவில்லை. ஒரு நாள் முழுவதும் காய்ந்த சந்தனம் இடுக்கெல்லாம் இறங்கி இறுகியிருந்தது. ராத்தா திருகிப் பார்த்தார். செயலாளர் திருகிப் பார்த்தார். தலைவர் அந்தரத்தில் மெல்லச் சுற்றிச் சுவரைப் பார்க்கத் திரும்பினார்.

"சுடுதண்ணி ஊத்தினா எளகும்" என்றேன். பால் போத்தல் மூடி இறுகினால் வீட்டில் அதைத்தான் செய்வேன். ராத்தா தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போகத் திரும்பினார்.

"எங்க போறீங்க?" என்றார் மேட்ரன். "மிஸ், நீங்களும் ராத்தாவுமா ஐயாவ புடிச்சி எறக்குங்க."

பழக்கதோஷம், ஓரடி முன்னே வைத்துவிட்டேன். தொட்டிலோடு மறுபடி சுற்றி வந்த தலைவர் இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார். என் பிள்ளை நீட்டியது நினைவுக்கு வந்தது.

"முடியாது மேடம்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "ரெண்டு பேரா தூக்க முடியாது. தண்ணி கொதிக்கிற வரைக்கும் ஐயா இருக்கட்டும்."

"இவ்வளவு நாளும் தூக்கினீங்கதானே?"

"ஆமா மேடம். அதனாலதான் முடியாது."

"கொதிக்கிற வரைக்கும் எல்லாம் இருக்க ஏலாது!" என்றது, மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்ட தலைவரின் குரல்.

சபைப் பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். சக்கர நாற்காலியிலிருந்து கணக்கப்பிள்ளை ஐயா, தோட்டத்தில் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களத்துக் குரலை எடுத்தார்.

"மொழங்கால மடக்குங்க! இடுப்ப வளைக்காதீங்க! என் கட்டிலுக்கு எதுத்த செவுத்துல போட்டிருக்கு, பாக்கலியா? நான் மூணு சொன்னதும் ஒண்ணா தூக்கணும். ஒண்ணு..."

செயலாளர் ஒன்றிலேயே தூக்கிவிட்டார். மற்றவர்கள் மூன்றுக்குக் காத்திருந்தார்கள். 'கடக்' என்று ஒரு சத்தம். அது மெசினின் சத்தமில்லை. எப்படியோ தலைவர் தரைக்கு வந்தார். செயலாளர் தரையைவிட்டு எழும்பவில்லை.

ராத்தா கெண்டியோடு வந்தார். சுடுதண்ணீரை ஊற்றியதும் குமிழ் வெண்ணெய்போலத் திரும்பியது. அசையாமல் கிடந்த செயலாளரை என்ன செய்வது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நானும் ராத்தாவும் அவருக்கடியில் துணியை விரித்து, கொக்கியை மாட்டி, பிடியை அடித்தோம். பூப்போலப் போனார். பூப்போலக் கட்டிலில் இறங்கினார்.

"அருமையான மெசின்" என்றார், கண்ணை மூடியபடி.

அடுத்த சபைக் கூட்டத்தில், மெசினை ஆட்களைத் தூக்குவதற்குப் பயன்படுத்தலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். செயலாளர் படுத்தபடியே சம்மதம் சொல்லி அனுப்பினார். கணக்கப்பிள்ளை ஐயா முதல்நாள் மேலே போனபோது, தன்னைத் தொடாமல் இருந்த எங்கள் கைகளைப் பார்த்தார்.

"சாமிங்களுக்கும் லீவு குடுத்தாச்சா மிஸ்?"

"அது எப்புடி?" என்று ராத்தா பிஸ்மில்லாஹ் சொல்லிக் குமிழைத் திருகினார்.

என் முதுகு மெல்ல மெல்லச் சத்தம் குறைத்துக்கொண்டது. ஒரு மாலை பிள்ளை கையை நீட்டினான். சுவரொட்டியில் இருப்பதுபோல முழங்காலை மடக்கி, அவனை நெஞ்சோடு அணைத்து, நிமிர்ந்தேன். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று யோசித்தபடி, அவனை இறக்காமல் வெகுநேரம் முற்றத்தில் நடந்தேன்.